நீதிபதியின் முன் நாம் வைக்க மறந்த காரணம்

(வல்லம் வடகாலில் நமது அறக்கட்டளை நடத்திய சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

பைத்துல்மால் உதவி, கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம் என்றுதான் நாங்கள் வழக்கமாக உங்களை அழைப்போம். இன்று நீதிமன்றத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறோம். அதற்குக் காரணம் ஒரு தம்பி. அவர் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

பீகாரிலிருந்து வந்தவர், 22 வயது. இங்கே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். ஒருநாள் இரவு கைபேசி காணாமல் போய்விட்டது என்று தொடங்கிய தகராறு கைகலப்பில் முடிந்தது. வழக்குப் பதிவானது, தம்பி கைதானார். பன்னிரண்டாம் நாள் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் அவர் வெளியே வந்தது நாற்பத்து மூன்றாம் நாள். ஜாமீன் கிடைத்த பிறகும் முப்பத்தோரு நாட்கள் சிறையில் இருந்தார்.

ஏன்? இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்களில் ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தகப்பனார் கூலி வேலை செய்பவர். ரயிலுக்குப் பணம் இல்லை. வந்தாலும் அவருடைய சான்றுகள் எல்லாம் இந்தியில் இருக்கின்றன. மூன்று வாரம் கழித்து அறைத் தோழர் ஒருவர் நம் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் எங்களுக்கு நீதிபதி மீதுதான் கோபம் வந்தது. "ஏழை என்றால் இப்படித்தானா?" என்று பேசிக்கொண்டோம். பிறகு மனுவையும் உத்தரவையும் வாங்கிப் படித்தோம். மனுவில் இருந்தது இவ்வளவுதான்: மனுதாரர் நிரபராதி, ஏழை, ஜாமீன் வழங்க வேண்டும். அவர் எந்த ஊர்க்காரர், இங்கே எத்தனை மாதமாக வேலை செய்கிறார், உறவினர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், உள்ளூரில் அவரை யாருக்குத் தெரியும் என்று ஒரு வரியும் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் நிபந்தனையை மாற்றக் கோரி மனுப் போட்டோம். நம் ஜமாஅத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். நீதிபதி மனுவைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" இரத்த உறவினர் நிபந்தனை நீக்கப்பட்டது.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இன்றைய கூட்டம்.

அன்பானவர்களே, சட்டத்தில் எல்லாவற்றுக்கும் விடை எழுதி வைக்கப்படவில்லை. ஜாமீன் கொடுப்பதா மறுப்பதா, எவ்வளவு தொகைக்கு, என்ன நிபந்தனையில், குற்றம் நிரூபணமானால் ஆறு மாதமா ஆறு வருடமா என்பதையெல்லாம் பெரும்பாலும் நீதிபதியின் முடிவுக்குச் சட்டம் விட்டிருக்கிறது. இதைத்தான் நீதிபதியின் விருப்புரிமை என்கிறார்கள். பெயரில் விருப்பு என்று இருப்பதால், அவர் விரும்பினால் விடுவார், விரும்பாவிட்டால் உள்ளே போடுவார் என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. 1977இல் குடிகண்டி நரசிம்முலு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை விளக்கமாகச் சொன்னார். ஜாமீன் என்பது ஒருவரின் சுதந்திரம், பொதுமக்களின் பாதுகாப்பு, அரசாங்கத்தின் செலவு எல்லாவற்றையும் தொடும் விஷயம். எனவே அது நீதிபதியின் மனநிலையைப் பொறுத்து அமையக் கூடாது, சட்டத்தின் நெறிக்குள் அமைய வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். விருப்புரிமையைக் கட்டிப்போடும் கயிறு காரணம். காரணம் சொல்ல முடியாத முடிவு விருப்புரிமை ஆகாது.

அந்தக் காரணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நம்மிடமிருந்து வருகிறது. நபி (ஸல்) அவர்கள் வழக்குகளை விசாரித்தபோது சொன்ன எச்சரிக்கை நமக்குத் தெரியும். தாமும் ஒரு மனிதர்தான் என்றும், வழக்காடுபவர்களில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாகப் பேசிவிடலாம் என்றும், கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும் நபியவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதரே அப்படிச் சொல்லியிருக்க, ஒரு நாளில் எத்தனையோ கட்டுகளைப் புரட்ட வேண்டிய குற்றவியல் நடுவர் நம் மனதில் இருப்பதை எப்படி அறிவார்? நாம் வைத்ததைத்தான் அவர் பார்ப்பார்.

ஜாமீன் மனுவில் நீதிபதி முக்கியமாக மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். இவர் ஓடிவிடுவாரா? சாட்சிகளை மிரட்டுவாரா, ஆதாரத்தை அழிப்பாரா? வெளியே போனால் மறுபடியும் குற்றம் செய்வாரா? இவற்றோடு குற்றத்தின் தன்மையையும் முந்தைய வழக்குகளையும் பார்க்கிறார். பெண்கள், சிறுவர்கள், நோயாளிகள் விஷயத்தில் கடும் குற்றச்சாட்டு இருந்தாலும் ஜாமீன் வழங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தக் கேள்விகளில் எதற்கும் "ஏழை, நிரபராதி" என்பது விடை ஆகாது. வாடகை ஒப்பந்தம், தொழிற்சாலை அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஆதார், பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சான்று, படுக்கையில் இருக்கும் தாயின் மருத்துவச் சீட்டு ஆகியவைதான் விடை. இவர் இங்கே வேரூன்றியவர், கூப்பிட்டால் வருவார் என்று சொல்லும் சாட்சிகள் அவை.

நம் ஊருக்கு இது மிகவும் தேவையான பாடம். வல்லம் வடகால் இன்று பழைய கிராமம் இல்லை. சிப்காட் வந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்ட குடியிருப்பு வளாகத்தில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஜாமீன் முறையோ சொந்த ஊரில், சொந்த நிலத்தோடு, சொந்தக்காரர்களோடு வாழும் மனிதனை மனதில் வைத்து உருவானது. அறையில் எட்டுப் பேராகத் தங்கும் மனிதனுக்கு அது பொருந்தாது.

இந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றத்துக்கு 1978லேயே வந்தது. மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கு. மோதி ராம் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் கீழே நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். வழக்கு மறுபடியும் கிருஷ்ணய்யரிடம் வந்தது. தென்னாட்டுக்காரன் ஒருவன், தமிழனோ மலையாளியோ, பஸ்தரிலோ காஷ்மீரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அவர் கேட்டார். மோதி ராமை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

சகோதரர்களே, அன்று நமக்காகக் கேட்ட கேள்வி அது. இன்று அதைத் திருப்பிக் கேட்க வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம். பீகாரியும் ஒடியாக்காரனும் வல்லம் வடகாலில் கைதானால் யாரிடம் போவான்?

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே சில வழிமுறைகளை வகுத்தது. ஜாமீன் உத்தரவின் மென்நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குப் போக வேண்டும். ஏழு நாட்களில் கைதி வெளியே வராவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதுதான் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அந்த உத்தரவு சுட்டிக்காட்டியது. ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. நிபந்தனை நிறைவேற்ற முடியாதது என்றால் மறுநாளே மனுப் போடலாம். நாம் போடவில்லை. நமக்குத் தெரியவில்லை.

அடுத்து, காரணத்தை எழுதுவது பற்றி. குற்ற வழக்கில் தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், அவற்றின் மீதான முடிவு, அந்த முடிவுக்கான காரணங்கள் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே, இலவசமாகத் தர வேண்டும்.

காரணம் எழுதுவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் மஹிபால் எதிர் ராஜேஷ் குமார் வழக்கில், உயர் நீதிமன்றம் கொலை வழக்கு ஒன்றில் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான காரணம் சொல்லாமல் கொடுத்தது என்பது முக்கியக் குறை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் "ஏன்?" என்று கேட்கும் உரிமை உண்டு. நம் வீட்டுப் பிள்ளை அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தாலும் இதே உரிமைதான் நமக்கு உதவும்.

காரணம் எழுதப்பட்டுவிட்டால் அது நியாயமாகத்தான் இருக்குமா? இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. விசாரணை நீதிமன்றம் சில நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலங்களுக்கும் காருக்கும் சொந்தக்காரர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த காரணங்களில் ஒன்று. பணக்காரன் என்பதே அவன் குற்றமற்றவன் என்பதற்கு ஆதாரமானது.

இதை ஏன் சொல்கிறோம்? அந்தக் காரணம் எழுத்தில் இருந்ததால்தான் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் தவறு எங்கே நடந்தது என்றே தெரிந்திருக்காது. மேல்முறையீடு என்பதே காரணத்தோடு வாதாடுவதுதான். காரணமே இல்லாத உத்தரவோடு எப்படி வாதாடுவது?

இனி தண்டனை. குற்றம் நிரூபணமான பிறகு, எவ்வளவு தண்டனை என்பது பற்றிக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும். 1976இல் சாந்தா சிங் வழக்கில், அப்படிக் கேட்காமல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தண்டனை பற்றிக் கேட்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்கும் நேரம் அது. பெரும்பாலானவர்கள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் வயது, முதல் குற்றம், குடும்பச் சுமை, கடன், நோய், செய்த தவறுக்கு ஈடு செய்ய முயன்றது எல்லாவற்றையும் ஆதாரத்தோடு வைக்கலாம். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், தகுதியான வழக்குகளில் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடவும் இடம் தருகிறது. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் அதற்கான காரணத்தை நீதிபதி எழுத வேண்டும்.

சூழ்நிலையைப் பார்த்துத் தண்டிப்பது பலவீனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடும் பஞ்சம் வந்த ஆண்டில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்கான தண்டனையை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். சட்டத்தில் அவர்களைவிடக் கண்டிப்பானவர் யார்? பசித்தவன் கையை நீட்டியதற்கும் கொழுத்தவன் கையை நீட்டியதற்கும் வித்தியாசம் பார்த்தார்கள். அதுதான் நீதி.

விசாரணை முடியாமலேயே சிறையில் கழியும் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். 1979இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில் சிலர், குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தது நாட்டுக்குத் தெரிந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 1998 கோவை குண்டுவெடிப்பு வழக்கை நினைத்துப் பாருங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட அப்பாவி உயிர்கள் போயின. அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு ஈடே கிடையாது. அதே வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2007 ஆகஸ்டில் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த ஒன்பது ஆண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர முடியவில்லை.

சில சிறப்புச் சட்டங்களில் ஜாமீன் கொடுக்க நீதிபதிக்கு இருக்கும் இடத்தைச் சட்டமே குறுக்கிவிடுகிறது. ஊபா சட்டம் அப்படிப்பட்டது. ஆனால் அங்கும், விசாரணை எப்போது முடியும் என்றே தெரியாமல் நீண்டகாலம் சிறையில் இருப்பவருக்கு அரசியலமைப்பு நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாதாரண வழக்குகளுக்குப் புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், தம் மீதான குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருந்தாலும் கிடைக்காது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இனி நாம் என்ன செய்யப் போகிறோம்? நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, கைது செய்தி வந்த அன்றே காகிதங்களைத் திரட்டுங்கள். யாரைத் தெரியும், யாருக்குப் பணம் கொடுக்கலாம் என்று அலையாதீர்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். வழக்கறிஞர் கையில் முகவரிச் சான்றும் வேலைச் சான்றும் அதற்குள் இருக்கட்டும்.

இரண்டாவது, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் முக்கால்வாசிப் பேர் இந்த மூன்று வகைக்குள் வந்துவிடுவீர்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

மூன்றாவது, உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். நீதிபதி எந்தக் காரணத்தால் மறுத்தார் என்று தெரிந்தால்தான் அடுத்த மனுவில் அதற்குப் பதில் சொல்ல முடியும். உத்தரவைப் படிக்காமல் நீதிபதியைத் திட்டியவர்கள் நாங்கள். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

நான்காவது, ஜாமீன் நிற்க முன்வாருங்கள். இதைச் சொல்லும்போது எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜாமீன் கையெழுத்து ஒரு அமானிதம். அந்த ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் பிணைத் தொகையை உங்களிடம் வசூலிப்பார்கள். எனவே தெரியாத ஆளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போலிச் சான்று கொடுத்து நிற்பது குற்றம், ஹராமும் கூட. ஆனால் நம் தெருவில் இரண்டு வருடம் குடியிருந்து, நம் கடையில் அரிசி வாங்கி, நம்மைப் பார்த்தால் சிரித்துப் போகும் பிள்ளையை நமக்குத் தெரியாதா? அவன் எந்த மதம், எந்த மொழி என்று பார்க்க வேண்டாம். ஜாமீன் நிற்க விருப்பமுள்ளவர்களின் பெயர்களை அறக்கட்டளையில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். வாய்தா தேதியைத் தொழிலாளிக்கு நினைவுபடுத்தும் பொறுப்பையும் நாங்கள் ஏற்கிறோம்.

குற்றம் செய்தவரைக் காப்பாற்ற இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் விசாரணையில் தெரியட்டும், தண்டனை கிடைக்கட்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே, சொல்ல ஆள் இல்லாத காரணத்தால் ஒருவர் சிறையில் கிடக்கக் கூடாது என்பதே நமது வேண்டுதல்.

அந்தத் தம்பி வெளியே வந்த அன்று மாலை நம் பள்ளிவாசலுக்கு வந்தார். அவர் முஸ்லிம் அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தோம். அவருடைய வேலை போயிருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் ஒரு வாய்தாவுக்கும் அவர் தவறவில்லை. நீதிபதி நம் சொல்லை நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் காப்பாற்றுகிறார். அடுத்த முறை நம் ஊரிலிருந்து ஒரு மனு போகும்போது, அதில் காரணம் இருக்கட்டும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் நீதியின் பக்கம் நிற்பவர்களாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.